முதல் சீட்டு: கையைப் பார்க்கும் முன் ஏலத்தைக் கேளுங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பல வருடமாக 304 சீட்டாட்டம் ஆடியவர். இப்போது கணினியில் பிரிட்ஜ் ஆடுகிறார். ஏலமும் ஆட்டமும் ஓரளவு பிடிபட்டுவிட்டன, முதல் சீட்டு போடும் முறை தன்னிடம் வந்தால்தான் குழப்பம் என்கிறார். சமீபத்தில் வலப்பக்கத்தவர் 1 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) கேட்க, அவர் ஜோடி நேராக 3 நோ டிரம்புக்குப் போய்விட்டார். நம் நண்பர் கையில் இருந்தது: இஸ்பேடு 10, 9, 5, ஆர்ட்டின் ராஜா, 6, 4, டைமன் ராணி, 8, 6, 3, கிளாவர் ஜாக்கி, 7, 2. ‘நீளமான இனத்தில் மேலிருந்து நாலாவது சீட்டு’ என்ற விதிப்படி டைமன் 3 போட்டார். ஏலம் எடுத்தவரின் ஜோடி மேஜையில் விரித்து வைக்கும் கையான டம்மியில் டைமன் ஜாக்கி, 5, 4. ஏலம் எடுத்து ஆடும் டிக்ளேரரிடம் ஏஸ், ராஜா, 10. டம்மி சின்னதைப் போட, கூட்டாளியின் 9-ஐ டிக்ளேரரின் 10 அடித்தது. கூட்டாளியிடம் இஸ்பேடில் ஏஸ், ராணி, 8, 7, 2 என்று ஐந்து சீட்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் ஒரு பிடி கூடுதலாகவே எதிராளிக்குப் போனது. ‘விதிப்படிதானே போட்டேன், அப்புறம் ஏன் இப்படி?’ என்பது கேள்வி.

விதியில் தப்பில்லை. அது எந்த இடத்துக்கான விதி என்பதில்தான் சிக்கல். நாலாவது சீட்டு என்பது ஒரு இனத்தைத் தேர்ந்த பிறகு அதில் எந்தச் சீட்டை எடுப்பது என்று சொல்கிறது. எந்த இனம் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஏலம்.

304 ஆடியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. பிடிக்குள் என்ன விழுந்தது என்பதுதான் கணக்கு. அதனால் நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது பத்திரமாக வீட்டுக்கு வர வழி தேடுவோம். பிரிட்ஜில் மொத்தம் 13 பிடி, ஒவ்வொன்றும் ஒரே விலை. ஏஸ் விழுந்த பிடியும் ஒன்றுதான், இரண்டும் மூன்றும் நாலும் விழுந்த பிடியும் ஒன்றுதான். 3 நோ டிரம்ப் என்றால் ஆறுக்கு மேல் மூன்று, எதிராளிக்கு ஒன்பது பிடி தேவை, நமக்கு ஐந்து கிடைத்தால் அவர் கதை முடிந்தது. ஆக, முதல் சீட்டைத் தொடும் முன் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இவர் ஒன்பது பிடியை எங்கிருந்து எடுக்கப்போகிறார்? நமக்கு ஐந்து எங்கிருந்து வரும்?

ஆட்டத்தில் இந்த ஒரு சீட்டைத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிறோம். அது விழுந்த பிறகுதான் டம்மி விரிகிறது. மற்ற எல்லாச் சீட்டுக்கும் எதிரே 13 சீட்டு தெரிகிறது. ஆனால் முழுக் குருடு என்றும் சொல்ல முடியாது. நண்பரின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜில் கையை எடைபோட ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி; வலப்பக்கத்தவரின் 1 நோ டிரம்ப் 15 முதல் 17 புள்ளி. அவர் ஜோடி யோசிக்காமல் 3 என்றார், ஆக அங்கே ஒரு பத்து இருக்கலாம். இரண்டும் சேர்ந்து 25, 26, 27. மொத்தம் 40. நண்பரிடம் ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1, சேர்த்து 6. மிச்சம் 7 முதல் 9 வரை கூட்டாளியிடம். அதாவது கூட்டாளிதான் பலசாலி. அப்படியானால் அவருடைய நீளமான இனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் புத்தி, நம்முடைய இளைத்த நாலு சீட்டை வளர்ப்பது அல்ல.

அவருடைய இனம் எது? டம்மிக்காரர் 2 கிளாவர் என்று ஸ்டேமன் (இஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ நாலு சீட்டு உண்டா என்று ஜோடியை விசாரிக்கும் ஏலம்) கேட்கவில்லை. இஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ நாலு சீட்டு இருந்திருந்தால் பெரும்பாலும் கேட்டிருப்பார். ஆகவே டம்மியில் அந்த இரண்டும் குட்டை. நம் கையிலும் மூன்று மூன்றுதான். மிச்சம் எங்கே போகும்? டிக்ளேரரிடம் கொஞ்சம், கூட்டாளியிடம் நிறைய. ஆர்ட்டினில் நமக்கு ராஜா இருக்கிறது. அதன் கீழிருந்து போட்டால் ராஜாவை நாமே விற்றுவிடும் ஆபத்து உண்டு. இஸ்பேடு 10, 9 போட்டால் நமக்குச் செலவு எதுவும் இல்லை. நான் இஸ்பேடு 10 போடுவேன். கூட்டாளியிடம் ஐந்து இஸ்பேடு இருந்தது தெரிந்த பிறகு சொல்வதல்ல இது. அவரிடம் மூன்றே இருந்து ஆட்டம் போயிருந்தாலும் இதையேதான் சொல்வேன். ஒரு ஆட்டத்தின் முடிவைப் பார்த்து முதல் சீட்டை நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்வது நம் ஊர் ஆட்டக்காரர்களின் பெரிய வியாதி. அன்றைக்கு டம்மியில் இஸ்பேடு ஜாக்கி, 4; டிக்ளேரரிடம் ராஜா, 6, 3. பத்தின் மேல் ஜாக்கி, அதன் மேல் ராணி, அதன் மேல் ராஜா என்று ஒரே பிடியில் மூன்று பெரிய சீட்டும் காலி. அப்புறம் நண்பரின் ஆர்ட்டின் ராஜா ஒருமுறை பிடித்துவிட்டால் நாலு இஸ்பேடு வரிசையாக வரும், ஐந்து பிடி தேறிவிடும்.

கணினியில் ஆயிரக்கணக்கான கைகளைக் கலைத்து ஆட விட்டுப் பார்த்தவர்களும் இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். 1 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப் என்ற ஏலத்துக்கு எதிராக, ராணியின் கீழோ ஜாக்கியின் கீழோ நாலு சீட்டு டைமன், கிளாவர் போடுவது பழைய ஆட்டக்காரர்கள் நினைத்த அளவுக்கு நல்லதில்லை. குட்டையான இஸ்பேடும் ஆர்ட்டினும் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்கின்றன.

அப்படியென்றால் நாலாவது சீட்டைக் குப்பையில் போடலாமா? கூடாது. இஸ்பேடு ராஜா, ஜாக்கி, 8, 5, 2 என்று ஐந்து சீட்டு, பக்கத்து இனத்தில் ஒரு ஏஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5-ஐப் போடுங்கள். ஒரு பிடி போனால் போகட்டும், பின்னால் மூன்றோ நாலோ வரும். அந்தப் பக்கத்து ஏஸ் ரொம்ப முக்கியம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதற்காகக் கடைமடையில் யாரும் நாற்று விட்டுவிடுவதில்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர வேண்டும். நீளமான இனமும் அப்படித்தான். வளர்த்துவிட்ட பிறகு திரும்பவும் கையில் ஆட்டம் வந்து சேர வழி இல்லையென்றால் அந்த நீளம் வெறும் அழகு. ஐந்து சீட்டு இருந்தும் கை முழுக்க ஒரு ஜாக்கிக்கு மேல் இல்லை என்றால், நான் அந்த இனத்தை மறந்துவிட்டுக் கூட்டாளியின் இனத்தைத்தான் தேடுவேன்.

நாலாவது சீட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. அது கூட்டாளிக்கு எழுதும் கடிதம். ‘பதினொன்று விதி’ என்பார்கள். பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டக் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஃபாஸ்டர் என்பவர் வெளியிட்டது. போட்ட சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால், அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளில் மொத்தம் எத்தனை என்று வரும். காரணம் எளிது. ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14 என்று வைத்துக்கொண்டால், 7-க்கு மேலே ஏழு சீட்டு உண்டு. 7 நாலாவது என்பதால் போட்டவர் கையில் அதற்கு மேல் மூன்று. மிச்சம் நாலு. பதினாலிலிருந்து மூன்றை முதலிலேயே கழித்து வைத்ததுதான் அந்தப் பதினொன்று.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. கூட்டாளி இஸ்பேடு 7 போடுகிறார். டம்மியில் ராணி, 9, 3. உங்களிடம் ஏஸ், 10, 4. டம்மி 3-ஐப் போடுகிறது. 304 பழக்கத்தில் கை தானாக ஏஸுக்குப் போகும். நிறுத்துங்கள். பதினொன்றில் ஏழு போனால் நாலு. டம்மியில் இரண்டு, உங்களிடம் இரண்டு. நாலும் தெரிந்துவிட்டது, டிக்ளேரரிடம் ஏழுக்கு மேல் ஒன்றுமே இல்லை! 10-ஐப் போடுங்கள், அதுவே பிடிக்கும். அப்புறம் ஏஸ். அப்புறம் 4. கூட்டாளியின் ராஜாவில் டம்மியின் ராணி விழும், ஜாக்கி மிச்சம். நாலு பிடி. முதலில் ஏஸைப் போட்டிருந்தால் டம்மியின் ராணியோ ஒன்பதோ எப்படியும் ஒரு பிடி எடுத்திருக்கும். முயன்று பாருங்கள், தப்ப வழியே கிடையாது.

வரிசையாகச் சீட்டு இருந்தால் பேச்சே இல்லை, மேலிருந்து போடுங்கள். ராஜா, ராணி, ஜாக்கி இருந்தால் ராஜா. ராணி, ஜாக்கி, 10 இருந்தால் ராணி. நோ டிரம்பில் மூன்று சீட்டு வரிசை வேண்டும், அல்லது ராணி, ஜாக்கி, 9 போல ஒரு படி மட்டும் விட்டுப்போனதாக இருக்கலாம். துருப்பு ஆட்டத்தில் ராஜா, ராணி இரண்டு சேர்ந்திருந்தாலே போதும். கூட்டாளி ஏலத்தில் ஒரு இனத்தைச் சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். அதைப் போட்டு நஷ்டப்பட்டால் ஒரு பிடி போகும். போடாமல் நஷ்டப்பட்டால் ஆட்டம் முடிந்த பிறகும் அந்த மனிதர் பேசிக்கொண்டே இருப்பார்.

துருப்பு ஆட்டம் வேறு உலகம். அங்கே ஐந்தாவது சீட்டு வளர்ந்து பிடி எடுக்கும் என்ற ஆசை வேண்டாம், அதற்குள் வெட்டிவிடுவார்கள். வேகமாக எடுக்க வேண்டியதை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

முதலில் செய்யக்கூடாத ஒன்று: துருப்பு ஆட்டத்தில் ஏஸை வைத்துக்கொண்டு அதன் கீழிருந்து சின்னச் சீட்டைப் போடுவது. 4 ஆர்ட்டினுக்கு எதிராக உங்களிடம் கிளாவர் ஏஸ், 8, 6, 3. 3-ஐப் போடுகிறீர்கள். டிக்ளேரரிடம் ஒற்றையாக ராஜா இருந்தால் அது பிடித்துவிடும், அடுத்த முறை உங்கள் ஏஸை வெட்டிவிடுவார். ஏஸ் என்பது எதிராளியின் ராஜாவையோ ராணியையோ பிடிக்கப் பிறந்தது. அதற்காகக் காத்திருக்கட்டும். தைரியசாலிகள் எப்போதாவது ஏஸின் கீழிருந்து போட்டு வெற்றி பெறுவார்கள், அந்தக் கதையைப் பல வருடம் சொல்வார்கள். தோற்றுப்போன மற்ற தடவைகளின் கதையை யாரும் சொல்வதில்லை.

ஒற்றைச் சீட்டைப் போட்டு வெட்டுக்குக் காத்திருப்பது புதியவர்களுக்குப் பிடித்த வேலை. எனக்கும் பிடிக்கும், ஆனால் நிபந்தனை உண்டு. வெட்டுவதற்கு உங்களிடம் வேண்டாத சின்னத் துருப்பு இருக்க வேண்டும். துருப்பில் ஏஸ், 6, 3 இருந்தால் பிரமாதம். டிக்ளேரர் துருப்பை இறக்க ஆரம்பித்ததும் ஏஸால் பிடித்து, கூட்டாளியிடம் ஆட்டத்தைக் கொடுத்து, வெட்டு வாங்கலாம். ராணி, ஜாக்கி, 10 இருந்தால் வீண். அவை எப்படியும் ஒரு பிடி எடுக்கும், வெட்டுவதால் லாபம் இல்லை. இரண்டாவது நிபந்தனையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: கூட்டாளியிடம் ஆட்டம் போக வழி வேண்டும். உங்கள் கையிலேயே 13 புள்ளி, எதிராளிகள் 4 ஆர்ட்டின் கேட்டிருக்கிறார்கள் என்றால் கூட்டாளியிடம் ஒன்றும் இருக்காது. அவர் எப்போது பிடித்து உங்களுக்கு வெட்டு தருவார்? அங்கே ஒற்றைச் சீட்டு டிக்ளேரருக்கு வழிகாட்டியாகத்தான் போகும். கையில் நாலு துருப்பு இருந்தாலும் ஒற்றையைத் தேடாதீர்கள். உங்கள் நீளமான இனத்தைப் போட்டு டிக்ளேரரையே வெட்ட வையுங்கள். இரண்டு மூன்று முறை வெட்டினால் அவர் துருப்பு உங்கள் துருப்பைவிடக் குறைந்துவிடும், அப்புறம் ஆட்டத்தை நடத்துவது நீங்கள்.

துருப்பையே முதல் சீட்டாகப் போடுவது எப்போது? ‘சந்தேகம் வந்தால் துருப்பு போடு’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சந்தேகத்தில் போட்ட துருப்பு பல நேரம் கூட்டாளியின் ராணியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏலம் கூவிச் சொல்லும் இடங்கள் உண்டு. வலப்பக்கத்தவர் 1 இஸ்பேடு, அவர் ஜோடி 1 நோ டிரம்ப், வலப்பக்கத்தவர் 2 டைமன், எல்லோரும் பாஸ். உங்களிடம் இஸ்பேடு ராஜா, ஜாக்கி, 10, 7. என்ன நடக்கப்போகிறது? டம்மிக்காரருக்கு இஸ்பேடு குட்டை, அதனால்தான் டைமனில் விட்டுவிட்டார். டிக்ளேரர் தன் இஸ்பேடுகளை டம்மியின் துருப்பால் வெட்டி வெட்டிப் பிடி எடுப்பார். உங்கள் இஸ்பேடு அத்தனையும் அங்கே செத்துப்போகும். டைமன் போடுங்கள். பிடி கிடைக்கும்போதெல்லாம் திரும்பவும் டைமன். ஒவ்வொரு சுற்றிலும் டம்மியில் ஒரு வெட்டு குறையும். இன்னொரு இடம்: எதிராளியின் 1 இஸ்பேடுக்கு நீங்கள் டபுள் (இங்கே ‘கூட்டாளி, உன் இனத்தைச் சொல்’ என்று அர்த்தம்) சொல்ல, கூட்டாளி இனம் எதுவும் சொல்லாமல் பாஸ் செய்துவிட்டார். தன்னிடம் இஸ்பேடு கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். உங்களிடம் ஒற்றை இஸ்பேடு இருந்தாலும் அதையே போடுங்கள், அவர் டிக்ளேரரின் துருப்பைப் பிடுங்கட்டும்.

ஸ்லாம் ஆட்டங்களைப் பற்றி, அதாவது பன்னிரண்டு பிடியோ பதின்மூன்றுமோ எடுப்பதாகச் சொல்லும் ஏலங்களைப் பற்றிக் கொஞ்சம். 6 நோ டிரம்ப் என்றால் அவர்களிடம் 33 புள்ளி அளவில் இருக்கும், நம் இருவருக்கும் சேர்த்து ஏழோ எட்டோ. அங்கே ராணியின் கீழோ ஜாக்கியின் கீழோ போவது தற்கொலை. ஒன்றுமில்லாத இனத்திலிருந்து ஒன்றுமில்லாத சீட்டைப் போட்டுவிட்டு உட்காருங்கள். 6 இஸ்பேடு, 6 ஆர்ட்டின் போன்றவற்றில் நிலைமை நேர் எதிர். டிக்ளேரர் வேறொரு இனத்தை ஓட்டித் தன் தோற்கும் சீட்டை எறிந்துவிடுவார், அதற்குள் நமக்கு ஒரு பிடி முளைக்க வேண்டும். ஏலத்தில் யாரும் சொல்லாத இனத்தில் ராஜா இருந்தால் அதன் கீழிருந்து போடத் துணியலாம். கூட்டாளியிடம் ராணி இருந்து, பக்கத்தில் ஒரு ஏஸும் இருந்தால் கதை முடிந்தது.

கூட்டாளி ஸ்லாமை டபுள் செய்து பணயத்தை ஏற்றினால் அது கோபத்தில் செய்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லைட்னர் டபுள் என்று அதற்குப் பெயர், அமெரிக்க ஆட்டக்காரர் தியோடர் லைட்னர் தந்தது. ‘வழக்கமான சீட்டைப் போடாதே, எதிர்பாராததைப் போடு’ என்கிறார். பெரும்பாலும் அவரிடம் ஒரு இனம் அறவே இல்லை, முதல் பிடியிலேயே வெட்டக் காத்திருக்கிறார். டம்மிக்காரர் முதலில் சொன்ன இனத்தில் ஆரம்பித்து யோசியுங்கள். உங்கள் கையில் மிக நீளமான இனத்தையும் பாருங்கள், உங்களிடம் ஆறு இருந்தால் அவரிடம் ஒன்றும் இல்லாமல் இருப்பது சகஜம்.

எந்த மாதிரிப் போட்டி என்பதும் சீட்டை மாற்றும். அணி ஆட்டத்தில் எதிராளியை வீழ்த்துவதுதான் குறி, ஒரு பிடி கூடுதலாகப் போனால் பரவாயில்லை, துணிந்து போடலாம். ஜோடிப் போட்டியில் அதே கையை ஆடிய மற்ற மேஜைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுவார்கள், கூடுதல் பிடி ஒன்றே உங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். அங்கே நான் கஞ்சத்தனமாகத்தான் போடுவேன். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது ஆண்கள் ஜோடிப் பிரிவில்தான். சீட்டாட்டத்துக்கா தங்கம் என்று அப்போது கும்பகோணத்துத் திண்ணைகளில் கேட்காதவர் குறைவு.

நேரில் ஆடப் போகிறீர்கள் என்றால் ஒரு நடைமுறை விஷயம். கணினியில் உங்கள் முறை இல்லையென்றால் சீட்டு நகராது. மேஜையில் நகரும். 304-இல் முறை வலப்பக்கத்தவருக்குப் போகும், பிரிட்ஜில் இடப்பக்கத்தவருக்குப் போகும், பழக்கதோஷத்தில் முறை தவறிப் போட்டுவிடுவோம். அப்படிப் போட்டுவிட்டால் சட்டப்படி டிக்ளேரருக்குப் பல வழி திறந்துவிடும். அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்ளலாம். தன் கையை விரித்துவிட்டு ஜோடியை ஆடச் சொல்லலாம். ஏற்காமல் விட்டு, உங்கள் கூட்டாளி அதே இனத்தைத்தான் போட வேண்டும் என்றோ போடவே கூடாது என்றோ சொல்லலாம். அதனால்தான் போட்டிகளில் முதல் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். கூட்டாளி ஏலத்தைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் அப்போது கேட்கலாம், தவறான ஆள் போட்டிருந்தால் நடுவரிடம் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

கடைசியாக, அடுத்த முறை உட்காருவதற்கு முன் உங்கள் கூட்டாளியோடு மூன்று விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ், ராஜா இரண்டும் இருந்தால் எதைப் போடுவது. மூன்று சின்னச் சீட்டு இருந்தால் மேலா, நடுவா, கீழா. யாரும் எந்த இனமும் சொல்லாமல் கூட்டாளி 3 நோ டிரம்பை டபுள் செய்தால் என்ன போட வேண்டும். மூன்றுக்கும் பல ஊரில் பல பதில் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில் இருந்தால் போதும்.